இரண்டு படங்கள், ஓர் ஊசி

குழந்தையின் மூளையில் கட்டி இருக்கிறது என்று மருத்துவர் சொல்லக் கேட்ட தாய் தந்தையர் அடுத்த நொடியே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அது புற்றுநோயா, டாக்டர்?" இக்கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவிட்டு எடுத்த ஸ்கேன் படம் கையில் இருக்கிறது. அதில் வெள்ளைத் திட்டாகக் கட்டியும் தெரிகிறது. இனிச் சொல்வதற்கு என்ன தடை? ஆனால் மருத்துவரோ, "கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்கிறார். மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள் ஊசி செலுத்துவதா என்று பெற்றோர் பதறிப் போகின்றனர். அத்துடன் முடிவதில்லை. எடுத்த படம் போதாது, வேறு வகையான இன்னொரு படமும் வேண்டும் என்று சில பெரிய மருத்துவமனைகளில் சொல்வதுண்டு. "எத்தனை படந்தான் எடுப்பார்கள்? எல்லாம் பணம் பறிக்கும் வேலை" என்று உறவினர் யாரேனும் அப்போது முணுமுணுக்காமல் இருப்பதில்லை.

இரண்டாவது படம் எதற்கு என்று கேட்பது தவறன்று. நியாயமான கேள்விதான், அதற்கு நியாயமான விடையும் உண்டு. அவ்விடையை விளங்கிக்கொள்ள, முதலில் அந்த ஊசி எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுக்கு. அதை விடுத்து, கட்டியாகத் திரளும் வகைகளை மட்டும் எண்ணினால் மூளைக் கட்டிகளே முதலிடம் பெறுகின்றன. மூளைக்கட்டி என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். உண்மையில் அது பற்பல நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர். 'பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா' என்றொரு கட்டி உண்டு. பெயர்தான் வாயில் நுழையாது, கட்டி சாதுவானது. அதை முழுமையாக அறுத்தெடுக்க முடிந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்குமேல் மருத்துவமே தேவைப்படுவதில்லை. 'மெடுல்லோபிளாஸ்டோமா' அப்படியன்று. சிறுமூளைப் பகுதியில் தோன்றி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரின் வழியே முதுகுவரை இறங்கிப் பரவக்கூடியது. அறுவைக்குப் பின்னர் மருந்தும், வயது இடங்கொடுத்தால் தலைக்கும் முதுகுக்கும் கதிர்வீச்சும் அதற்கு வேண்டும். மூளையின் நடுவே பீனியல் சுரப்பியை ஒட்டித் தோன்றும் 'ஜெர்மினோமா' இன்னொரு வகை. அது கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் வெயில் கண்ட பனியாய்க் கரையும். ஆகவே அதனை அறுத்தெடுக்கும் பெரிய அறுவைக்கே பெரும்பாலும் வேலையில்லை.

ஒன்றுக்குரிய மருத்துவத்தை மற்றொன்றுக்குச் செய்தால் என்னவாகும்? வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு எளிய பொருளன்று. நினைவாற்றல், படிப்பு, உடல் வளர்ச்சி அனைத்தையும் அது பின்னாளில் பாதிக்கக்கூடும் என்பதால், 3 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அதனைக் கொடுக்காமல் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ மருத்துவர்கள் இயன்றவரை முயல்கின்றனர். தேவையில்லாத குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் அதன் வாழ்நாள் முழுவதற்கும் சுமை. தேவைப்படும் குழந்தைக்குக் கொடுக்காது விட்டால் குழந்தையே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, ஊசியின் முனையில் வரும் சதைத் துணுக்கினுடையது.

அந்தத் துணுக்கு எவ்வளவு பெரியது? ஏறத்தாழ ஓர் அரிசி மணியளவு. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத நீளம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன். நோயியல் வல்லுநர் அதைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன நோய், இன்ன தரம் என்று எழுதிக் கொடுக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி மூளைக் கட்டிகளுக்கு 1 முதல் 4 வரை தரம் உண்டு. 1 என்பது சாதுவானது, 4 என்பது மிகக் கொடியது.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீடுகளில் நாளும் வழங்கும் சொல். பானையிலுள்ள சோறெல்லாம் ஒரே நீரில் ஒரே தீயில் ஒருசேர வெந்தது. ஆகவே ஒரு பருக்கை போதும். மூளைக் கட்டி அவ்வாறு ஒருசேர வெந்த சோறன்று. குறிப்பாக, எல்லை தெரியாமல் மூளைத் திசுக்களுக்கு ஊடே வேர்விட்டுப் படரும் கட்டிகளில் ஒரு மூலை சாதுவாக இருக்கும். மறு மூலை வெறிகொண்டு பெருகிக்கொண்டிருக்கும். இன்னொரு பகுதி செத்த திசுவாகவோ வெறும் வீக்கமாகவோ இருக்கும். சாதுவான மூலையில் ஊசி இறங்கினால் 'தரம் 2' என்று முடிவு வரும். அதே கட்டியின் வெறிகொண்ட மூலையில் இறங்கியிருந்தால் 'தரம் 4' என்று வந்திருக்கும். வீக்கத்தில் இறங்கினால் எந்த முடிவும் வராது. ஊசி மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும். நோயியல் வல்லுநர் எத்துணைத் தேர்ந்தவராயினும், தம் கைக்கு வந்த துணுக்கைத்தான் அவர் பார்க்க முடியும்.

அப்படியானால் எங்கெங்கும் குத்திப் பல துணுக்குகள் எடுத்துவிடலாமே என்று தோன்றலாம். குத்துவது மூளை. ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய குருதிக்குழாய் ஒன்று கிழிபட்டு இரத்தம் கசியும் அபாயம் உண்டு. கட்டி தலாமஸ் என்னும் நடுப்பகுதியிலோ, மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டிலோ அமைந்திருந்தால், வழி தவறும் சில மில்லிமீட்டர் கூடக் கைகால் முடக்கத்தில் கொண்டுபோய் விடலாம். பிள்ளையின் தலையோ சிறியது. ஆகவே எடுப்பது சில துணுக்குகளே. எடுக்கும் இடம் சரியான இடமாக இருந்தாக வேண்டும்.

ஊசியைச் சரியான இடத்துக்குக் கொண்டுசெல்லும் கலை நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. 1908ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஹார்ஸ்லி, கிளார்க் என்னும் இருவர் விலங்குகளின் மூளையை ஆராய்வதற்காக ஓர் உலோகச் சட்டத்தை அமைத்தனர். நிலப்படத்தில் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் கொண்டு ஓர் ஊரைக் குறிப்பது போல, மூன்று அளவுகளைக் கொண்டு மூளைக்குள் ஒரு புள்ளியைக் குறிப்பது அச்சட்டத்தின் தத்துவம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் ஆகியோர் 1947இல் அதனை மனிதருக்குக் கையாண்டனர். சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் 1949இல் வெளியிட்ட சட்டம், பிற்காலத்தில் உலகெங்கும் பரவிற்று. இம்முறைக்கு ஸ்டீரியோடாக்டிக் முறை என்று பெயர். தலையைச் சுற்றிச் சட்டத்தை மாட்டி, நான்கு திருகுகளால் மண்டையோட்டில் அசையாமல் பொருத்தி, அதனுடனேயே படம் எடுப்பர். படத்தில் சட்டத்தின் அடையாளங்களும் விழும், கட்டியும் விழும். ஒன்றிலிருந்து மற்றொன்று எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட்டுவிட்டால், ஊசி போக வேண்டிய திசையும் ஆழமும் கிடைத்துவிடும். மிகச் சிறு குழந்தைகளின் மண்டையோடு மெல்லியதாகையால் திருகுகளை முடுக்குவதில் தனிக் கவனம் வேண்டும். இன்று பல இடங்களில் சட்டமே இல்லாமல் கணினி வழிகாட்டலிலும் இயந்திரக் கையின் துணையிலும் இதனைச் செய்கின்றனர். கருவி மாறினாலும் கணக்கு அதே கணக்குத்தான்.

ஆனால் இச்சட்டத்துக்கு ஒரு குறை உண்டு. நீங்கள் எந்தப் புள்ளியைச் சொல்கிறீர்களோ, அந்தப் புள்ளிக்கு அது பிசகாமல் அழைத்துச் செல்லும். எந்தப் புள்ளியைச் சொல்ல வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது படம்.

முதற்படம் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஆகும். வலிய காந்தப் புலத்துக்குள் உடலை வைத்து, திசுக்களிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் எழுப்பும் மறுமொழியைக் கொண்டு இப்படம் வரையப்படுகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. மூளையின் மடிப்புகளையும் குருதிக்குழாய்களையும் ஒரு மில்லிமீட்டர் அளவு நுட்பத்தில் காட்டும் ஆற்றல் இதற்கு உண்டு. கடோலினியம் கலந்த மருந்தை நரம்பூசியாகச் செலுத்தி எடுத்தால், குருதிக்குழாய்ச் சுவர் பழுதுபட்ட இடங்கள் வெண்மையாக ஒளிரும். பெரியவர்களின் கட்டிகளில் ஒளிரும் இடமே பெரும்பாலும் கொடிய இடம் என்று கொண்டு ஊசியை அங்கே செலுத்துவர். குழந்தைகளிடம் இந்த விதி எளிதில் பொய்த்துவிடுகிறது. மேலே சொன்ன சாதுவான பைலோசைட்டிக் கட்டி பளிச்சென்று ஒளிரும்; மூளைத்தண்டில் படரும் கொடிய கட்டியோ பலவேளை ஒளிராமலே கிடக்கும். இன்னும் சில கட்டிகளில் படம் முழுவதும் ஒரே மங்கலாக, எங்கே நோய், எங்கே வீக்கம் என்று பிரித்தறிய இயலாதபடி இருக்கும். எம்.ஆர்.ஐ. ஒரு வீட்டின் வரைபடம் போன்றது. அறைகளும் சுவர்களும் தெளிவாகத் தெரியும். எந்த அறையில் அடுப்பு எரிகிறது என்பது அதில் தெரியாது.

அடுப்பு எரியும் அறையைக் காட்டுவதுதான் இரண்டாவது படம். அதற்கு 'பெட் ஸ்கேன்' என்று பெயர். உயிரணு எதை உண்கிறது, எவ்வளவு உண்கிறது என்பதை அது காட்டுகிறது. பெருகும் அணுவுக்குத் தீனி மிகுதியாக வேண்டும். எனவே சர்க்கரையை ஒத்த ஒரு பொருளோடு கதிரியக்கமுள்ள ஃப்ளூரின்-18 அணுவைப் பிணைத்து, மிகச் சிறு அளவில் நரம்பில் செலுத்துகின்றனர். அணுக்கள் அதைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆனால் முழுமையாகச் செரிக்க இயலாமையால் அது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதிலிருந்து பாசிட்ரான் என்னும் துகள் வெளிப்பட்டு, அருகிலுள்ள எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, நேர் எதிரெதிர்த் திசைகளில் இரு கதிர்கள் புறப்படுகின்றன. தலையைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்கருவிகள் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, இன்ன கோட்டில் இது நிகழ்ந்தது என்று குறிக்கின்றன. இத்தகைய பல்லாயிரம் கோடுகள் சேர்ந்து ஒரு படமாகின்றன. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் இப்பொருளை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. குழந்தைகள் விஷயத்தில் அது பெருஞ் சிக்கல். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, வளர்ந்த மனிதரிடமே உடலின் ஆற்றலில் ஐந்திலொரு பங்கைச் செலவழிக்கிறது. பிள்ளைகளின் மூளையோ அதனினும் பெரும் பசிக்காரன். ஹாரி சுகானி என்னும் மருத்துவரும் அவர்தம் தோழர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, 3, 4 வயது முதல் ஏறத்தாழ 9 வயதுவரை பிள்ளைகளின் மூளை, பெரியவர்களின் மூளையைவிட மிகுதியாகச் சர்க்கரையை உண்கிறது என்று காட்டிற்று. உச்ச நிலையில் அது ஏறக்குறைய இருமடங்கு. பேச்சும் எழுத்தும் ஓதலும் மனப்பாடமும் பிள்ளைகளுக்கு மளமளவென்று வரும் பருவமும் இதுவே என்பது சிந்திக்கத்தக்கது. அது நிற்க. மூளை முழுவதுமே இவ்வாறு ஒளிர்ந்துகொண்டிருக்கையில், அதன் நடுவே கட்டியின் ஒளியை எப்படிப் பிரித்தறிவது? பகல் வெளிச்சத்தில் ஏற்றிவைத்த விளக்கின் கதைதான்.

இதற்கு வழியாக வந்தது மெத்தியோனின். இது புரதம் கட்டப் பயன்படும் அமினோ அமிலங்களுள் ஒன்று. நலமுள்ள மூளைத் திசு இதைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. கட்டியின் அணுக்களோ மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இருட்டறையில் ஏற்றிய விளக்குப் போலக் கட்டி தனித்துத் தெரிகிறது. எனினும் இதற்கொரு விலை உண்டு. இதில் பிணைக்கப்படும் கார்பன்-11 அணுவின் அரை ஆயுள் 20 நிமிடம். அதாவது, செய்து முடித்த 20 நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் எட்டிலொரு பங்கே எஞ்சும். (ஃப்ளூரின்-18 அணுவுக்கோ 110 நிமிடம், வண்டியில் ஏற்றி வேற்றூருக்கும் அனுப்பலாம்.) எனவே அதனைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் மருத்துவமனை வளாகத்திலேயே அல்லது மிக அருகில் இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருப்பர். மறுபக்கம் மருந்து அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். இந்த நெருக்கடியைத் தவிர்க்க, ஃப்ளூரின்-18 பிணைத்த வேறு அமினோ அமிலங்களும் பின்னர் வழக்கிற்கு வந்துள்ளன.

பெட் படத்துக்கும் குறை உண்டு. அதன் பார்வை மங்கல். நான்கைந்து மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தை அது எளிதில் காட்டுவதில்லை. அடுப்பு எரிவது தெரியும். அது எந்தச் சுவரை ஒட்டி எரிகிறது, வழியில் எந்தக் குருதிக்குழாய் குறுக்கிடுகிறது என்பது தெரியாது. அதை நம்பி மட்டும் ஊசியைச் செலுத்த எந்த மருத்துவரும் துணிய மாட்டார்.

இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன என்னும் எண்ணத்தை அறுவைக் கூடத்தில் முறையாகச் செயற்படுத்தியவர்களுள் முன்னோடிகள், பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் எராஸ்ம் மருத்துவமனையைச் சார்ந்தவர்கள். மூளை அறுவை மருத்துவர்களான மார்க் லெவிவியே, பெனுவா பிரோத் ஆகியோரும், பெட் படத்துறை வல்லுநர் செர்ஜ் கோல்ட்மனும் இக்குழுவினர். தலையில் மாட்டிய சட்டத்துடனேயே பெட் படமும் எடுப்பது அவர்கள் முறை. ஆனால் உலோக அடையாளங்கள் பெட் படத்தில் தெரியமாட்டா. கதிரியக்கம் உள்ளது மட்டுமே அதில் தெரியும். ஆகையால் சட்டத்தின் அடையாளக் குழாய்களில் கதிரியக்கத் திரவத்தை நிரப்பிவிடுவர். இப்போது இரு படங்களிலும் அதே சட்டம், அதே மூன்று அளவுகள். பெட் படத்தில் மிகுதியாக ஒளிரும் புள்ளியைக் குறித்து, அதே புள்ளியை எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. படத்தில் தேடி, எந்தக் குருதிக்குழாயையும் தொடாத வழியைத் தேர்ந்து ஊசியைச் செலுத்தலாம்.

பலன் இருந்ததா? 1995இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. சர்க்கரை வகைப் பெட் படத்தைத் துணைகொண்டு செய்த அச்சோதனைகளில் ஊசி சென்ற 90 வழிகளை அவர்கள் ஆராய்ந்தனர். பெட் படம் காட்டிய இலக்கை நோக்கிச் சென்றவை 55. அவை அனைத்திலும் நோயைச் சொல்லத்தக்க திசு கிடைத்தது. சி.டி. படம் காட்டிய இலக்கை நோக்கிச் சென்றவை 35; அவற்றுள் 6 பயனற்றுப் போயின. பெரியவர்களிடம் கண்ட இந்த அனுபவத்தைப் பின்னர் குழந்தைகளுக்கும் விரித்தனர். எல்லை தெளிவில்லாமல் படர்ந்த கட்டிகளையுடைய 9 குழந்தைகளுக்குப் பெட், எம்.ஆர்.ஐ. ஆகிய இரண்டையும் இணைத்துத் திட்டமிட்டுத் திசு எடுத்த விவரத்தை 2003இல் குழந்தை மூளை அறுவைக்கான மருத்துவ இதழில் பதிவு செய்தனர். இலக்கைத் தேர்வதில் தெளிவு கிடைக்கிறது. ஆபத்தான பகுதிகளில் எடுக்க வேண்டிய துணுக்குகளைக் குறைத்துக்கொள்ள முடிகிறது என்பதே அவர்கள் கண்ட பயன்.

ஒன்பதே குழந்தைகள்! இதை நாம் மறந்துவிடலாகாது. ஒன்பது பேரைக் கொண்டு உலகுக்கெல்லாம் விதி வகுக்க முடியாது. அவர்களும் அவ்வாறு வகுக்கவில்லை. மூளைக் கட்டியுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த இரண்டாவது படம் வேண்டியதே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டி தெளிவான எல்லையோடு இருந்து, அறுத்தெடுக்கத் தோதான இடத்தில் அமைந்திருந்தால், அதை எடுத்துவிட்டு முழுக் கட்டியையும் சோதித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே ஊசிச் சோதனைக்கே அங்கு இடமில்லை. ஜெர்மினோமா இனத்தைச் சார்ந்த சில கட்டிகள் இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தம் அடையாளப் பொருளைக் கசியவிடுவதால், சதை எடுக்காமலே கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. பெட் படமோ சிறிதளவேனும் கதிரியக்கத்தை உடலில் சேர்ப்பது. சிறு பிள்ளையாயின் அசையாதிருக்க மீண்டும் மயக்க மருந்து வேண்டும். அழற்சி கண்ட இடமும் சிலபோது ஒளிர்ந்து ஏமாற்றும். பைலோசைட்டிக் கட்டி இங்கும் தன் வேடிக்கையை விடுவதில்லை: தரம் 1 என்னும் சாதுவாக இருந்தும் சர்க்கரையை அள்ளி உண்டு, கொடிய கட்டி போலவே பெட் படத்திலும் ஒளிரும். ஆகவே பெட் படம் நோயின் பெயரைச் சொல்லும் கருவியன்று. ஊசி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கருவி. பெயரைச் சொல்வது இன்னமும் அந்த அரிசி மணிதான்.

அந்த அரிசி மணிக்கே தேவையில்லை என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட கட்டியும் உண்டு. மூளைத்தண்டின் 'பான்ஸ்' பகுதியில் எல்லையின்றிப் படரும் கட்டி அது. பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குள் தாக்கும். நன்றாக ஓடி விளையாடிய பிள்ளைக்குத் திடீரென மாறுகண் விழும், நடை தள்ளாடும், விழுங்குவது கடினமாகும். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் நோய் கண்ட ஓராண்டைக் கடப்பதில்லை; அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. 1993இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், இக்கட்டியை எம்.ஆர்.ஐ. படமே போதுமான அளவு காட்டிவிடுகிறது, ஊசிச் சோதனை தேவையில்லை என்று எழுதினர். அக்காலத்தில் அது இரக்கமுள்ள முடிவும்கூட. முடிவு எதுவாயினும் மருத்துவம் மாறப்போவதில்லை எனும்போது, குழந்தையை ஏன் குத்த வேண்டும்? ஏறத்தாழ இருபதாண்டுகள் பெரும்பாலான நாடுகளில் இவ்வழக்கமே நிலைத்தது. அதன் விளைவாக, ஆராய்ச்சிக்கூடங்களில் அக்கட்டியின் திசு கிடைப்பதே அரிதாயிற்று. திசு இல்லாமையால் நோயின் காரணத்தையும் அறிய முடியவில்லை.

பிரான்சு நாட்டின் பாரிஸ் நகர மருத்துவர்கள் மட்டும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் இங்கும் பத்திரமாகத் திசு எடுக்க முடியும் என்று தொடர்ந்து செய்து காட்டினர். 2012இல் இக்கட்டிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, ஹிஸ்டோன் எச்3 என்னும் புரதத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரே வகையான பிழை பெரும்பாலான குழந்தைகளிடம் இருப்பது தெரிய வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அப்பிழையை வைத்தே இந்நோயைத் தனி வகையாகப் பிரித்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், முந்தைய மருத்துவத்துக்குப் பின்னும் இந்நோய் முற்றிவரும் 1 வயது நிரம்பியோருக்கு, டோர்டாவிப்ரோன் என்னும் வாய்வழி மருந்துக்கு விரைவுமுறை அனுமதி வழங்கிற்று. இது நோயை வேரறுக்கும் மருந்தன்று; ஆராயப்பட்ட 50 நோயாளிகளுள் கட்டி கணிசமாகச் சுருங்கியது 22 விழுக்காட்டினருக்கே. ஆயினும் முன்பு வெறுங்கையாய் நின்ற இடத்தில் இன்று ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் இம்மருந்தைக் கொடுப்பதற்கு முதல் நிபந்தனை, அந்த மரபணுப் பிழை உண்டு என்று சோதனையில் உறுதிப்படுவதாகும். இருபதாண்டுகள் குத்தாமல் விட்ட அதே இடத்தில் இப்போது ஊசிக்கு வேலை வந்துவிட்டது. மூளையில் மிக ஆபத்தான இடங்களுள் ஒன்று என்பதால், இலக்கு பிசகாதிருக்க வேண்டிய தேவையும் அங்கேதான் மிகுதி.

இத்தகைய சோதனையை எதிர்நோக்கும் குடும்பத்தார் நம்மிடையே இருக்கலாம். மருத்துவரிடம் கேட்கத் தயங்குவது நம்மவர் வழக்கம். பெரிய டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்னும் அச்சம் உம்மாவுக்கு. கேட்டாலும் புரியப்போவதில்லை என்னும் எண்ணம் வாப்பாவுக்கு. சிலவற்றைக் கட்டாயம் கேட்கலாம். கட்டியை நேரே அறுத்தெடுக்க வழி இல்லையா? ஊசிச் சோதனையே வேண்டுமெனில், எம்.ஆர்.ஐ. படத்தில் இலக்கு தெளிவாகத் தெரிகிறதா, மங்கலாக இருக்கிறதா? மங்கலாக இருந்தால் பெட் படத்தை இணைத்துப் பார்க்கும் வசதி இங்கு உண்டா, வேறெங்கு உண்டு? சர்க்கரை வகைப் படமா, அமினோ அமில வகைப் படமா? இரண்டாவது படத்தால் ஊசியின் வழி மாறக்கூடுமா? மாறாது என்று மருத்துவரே சொன்னால் அந்தப் படத்துக்கு என்ன தேவை என்று தாராளமாகக் கேட்கலாம். குழந்தை அறுவை மேசையில் இருக்கும்போதே, எடுத்த துணுக்கு நோயைச் சொல்லப் போதுமானதுதானா என்று நோயியல் வல்லுநர் உடனுக்குடன் பார்த்துச் சொல்வாரா? நுண்ணோக்கிச் சோதனைக்குப் போக, மரபணுச் சோதனைக்கும் அந்தத் துணுக்கில் மிச்சம் இருக்குமா?